மூலங்களின் பெருக்கலும் பின்ன அடுக்குகளும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கணிதக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. வர்க்கமூலம், கனமூலம் என வரிசை (வர்க்கமூலத்துக்கு 2, கனமூலத்துக்கு 3) வேறுபட்ட மூலங்களை எவ்வாறு பெருக்குவது, அதற்குப் பின்ன அடுக்குகள் எந்த வகையில் உதவுகின்றன என்பதே அப்பொருள். ஆகவே அவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறேன். வசதிக்காகப் பின்ன அடுக்கை ^ என்னும் குறிக்குப் பின் அடைப்புக்குள் எழுதியிருக்கிறேன். 2^(1/3) என்பது 2-இன் அடுக்கு மூன்றில் ஒன்று, அதாவது ∛2.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் √2 × ∛3 என்ற கணக்குக்கு ⁶√6 என்று விடை எழுதியிருந்தாள். உள்ளே இருக்கும் 2-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 6. வர்க்கமூலத்தின் 2-ஐயும் கனமூலத்தின் 3-ஐயும் பெருக்கினாலும் 6 என்பது அவளுடைய வாதம். ஆசிரியர் அதை அடித்துவிட்டு ⁶√72 என்று எழுதியிருக்கிறார். இந்த 72 எங்கிருந்து வந்தது? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: விதிகளுக்குள் போகும் முன், விடையின் அளவைப் பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும். √2 ஏறத்தாழ 1.414, ∛3 ஏறத்தாழ 1.442. இரண்டுமே ஒன்றைவிடப் பெரியவை என்பதால், அவற்றின் பெருக்கற்பலன் இவ்விரண்டில் எதைவிடவும் குறைவாக இருக்க முடியாது. ஆனால் ⁶√6-இன் மதிப்பு ஏறத்தாழ 1.348 மட்டுமே. எனவே எந்த விதியும் தெரியாத ஒருவர்கூட அந்த விடையைத் தள்ளிவிடலாம். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண்ணுக்காக அல்லாமல், எண்களோடு பழகுவதற்காகவே பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

இனி 72-க்கு வருவோம். கணக்கைப் பின்ன அடுக்குகளில் எழுதினால் 2^(1/2) × 3^(1/3) என்றாகும். அடுக்குகளைப் பெருக்குவதற்கு நம்மிடம் இரண்டு விதிகள் உள்ளன. அடிமானம், அதாவது அடுக்கு ஏறி நிற்கும் எண், ஒன்றாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டலாம் என்பது முதல் விதி. அடுக்கு ஒன்றாக இருந்தால் அடிமானங்களைப் பெருக்கலாம் என்பது இரண்டாவது விதி. நம் கணக்கிலோ அடிமானங்களும் வேறு, அடுக்குகளும் வேறு. ஆகவே எடுத்த எடுப்பில் இரண்டு விதிகளும் பொருந்தவில்லை. 2, 3 என்னும் பகா எண்களை ஒரே அடிமானத்துக்குக் கொண்டுவர வழியில்லை. அடுக்குகளைக் கொண்டுவர முடியும். 1/2 என்பதை 3/6 என்றும், 1/3 என்பதை 2/6 என்றும் எழுதினால், 2^(3/6) என்பது 2³-இன் ஆறாம் படிமூலமாகி ⁶√8 ஆகிறது. 3^(2/6) என்பது 3²-இன் ஆறாம் படிமூலமாகி ⁶√9 ஆகிறது. இப்போது இரண்டுக்கும் அடுக்கு 1/6 என்பதால் இரண்டாவது விதி பொருந்துகிறது; 8 × 9 = 72, எனவே விடை ⁶√72. அதன் மதிப்பு ஏறத்தாழ 2.0396, 1.414-ஐ 1.442-ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ அதுவே கிடைக்கும்.

இங்கே உங்கள் மகள் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கக்கூடும்: பின்னங்களைக் கூட்டத்தானே பகுதிகளைச் சமமாக்க வேண்டும், பெருக்கும்போது அது தேவையில்லையே, இங்கே பெருக்கத்தானே செய்கிறோம்? நாம் பெருக்குவது எண்களை. அவற்றின் அடுக்குகளை அல்ல. √2 × ∛2 என்று அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டுகிறோம், 1/2 + 1/3 = 5/6; விடை 2^(5/6), அதாவது ⁶√32. பின்னக் கூட்டல் என்பதால் அங்கே பொதுப் பகுதி தேவைப்படுகிறது. √2 × ∛3 என்று அடிமானம் வேறாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டுவதுகூட இல்லை. இரண்டு எண்களையும் ஒரே மூலக்குறிக்குள் கொண்டுவருவதற்காக மூலங்களின் வரிசையைச் சமப்படுத்துகிறோம், அவ்வளவே. அடுக்குகளை ஒன்றோடொன்று பெருக்கும் இடம் வேறு ஒன்று உண்டு: மூலத்துக்கு மூலம் எடுக்கும்போது. √2-இன் கனமூலம் 2^(1/2 × 1/3), அதாவது ⁶√2. உங்கள் மகள் வரிசைகளைப் பெருக்கி 6 என்று எழுதிய முறைக்கு உரிய இடம் அதுதான்.

ஒரு சிறு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளட்டும். பொது வரிசையாக வரிசைகளின் பெருக்கற்பலனை எடுக்காமல், மீச்சிறு பொது மடங்கை எடுப்பது நல்லது. ∜2 × ⁶√3 என்ற கணக்கில் 24-ஐ எடுத்தால் விடை ²⁴√5184 என்று வரும், அது தவறில்லை. 12-ஐ எடுத்தால் ¹²√72 என்று சுருக்கமாக முடிந்துவிடும். 5184 என்பது 72-இன் வர்க்கம் என்பதால் இரண்டும் ஒரே எண்தான்.

கேள்வி: கால்குலேட்டரில் நான்கு பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? (பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி)

பதில்: √2 × ∛2 × ⁶√2 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு தசம இடங்களுக்குத் திருத்திப் பெருக்கினால் 1.4142 × 1.2599 × 1.1225, அதாவது ஏறத்தாழ 2.000015 கிடைக்கும். உண்மையான விடை 2-தானா, அல்லது 2-க்கு மிக அருகில் உள்ள வேறோர் எண்ணா என்பதை இந்தத் தசமங்களால் சொல்ல முடியாது. இன்னும் பத்து இடங்களைக் கூட்டினாலும் அதே ஐயம் எஞ்சியிருக்கும். அடுக்குகளைக் கூட்டிப் பாருங்கள்: 1/2 + 1/3 + 1/6 = 1. எனவே விடை மிகச்சரியாக 2. தோராய மதிப்பு போதும் என்னும் இடத்தில் கால்குலேட்டரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். √3 பெரிதா, ∛5 பெரிதா என்ற கேள்விக்கு மட்டும் அதைத் தேட வேண்டாம். இரண்டையும் ஆறாம் படிமூலமாக மாற்றினால் 27-க்கும் 25-க்கும் இடையிலான ஒப்பீடாகிவிடுகிறது.

கேள்வி: 2³ என்றால் 2-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படியானால் 2^(1/2) என்பதற்கு 2-ஐ அரை முறை எழுதிப் பெருக்குவதா? (பணி ஓய்வு பெற்ற வாசகர், திருநெல்வேலி)

பதில்: அரை முறை பெருக்குவது என்று ஒன்றும் இல்லை, அந்த விளக்கம் மிகை முழு எண்களோடு முடிந்துபோகிறது. அதற்கு அப்பால், அடுக்குக்கு என்ன பொருள் கொடுப்பது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ‘அடிமானம் ஒன்றானால் அடுக்குகளைக் கூட்டலாம்’ என்ற விதி எந்த அடுக்குக்கும் உடைந்துவிடக் கூடாது என்பதே அந்தத் தீர்மானத்துக்கு வழிகாட்டி. அந்த விதி 1/2-க்கும் பொருந்த வேண்டுமானால் 2^(1/2) × 2^(1/2) = 2¹ = 2 ஆக வேண்டும்; தன்னைத்தானே பெருக்கினால் 2 தருகின்ற மிகை எண் √2 ஒன்றுதான். இவ்வாறே 2⁰ ஒன்றாகவும், 2⁻¹ அரையாகவும் ஆயின. பின்ன அடுக்கு எண்ணிக் கண்டுபிடித்த பொருள் அல்ல, விதியைக் காப்பாற்றுவதற்காக வகுத்துக்கொண்ட பொருள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் பின்னால் தெளிவாகும்.

வகுத்துக்கொண்ட பொருள் என்பதால், அதில் முரண் வராது என்பதையும் நாமே சரிபார்க்க வேண்டும். 1/2, 2/4, 3/6 ஆகியவை ஒரே பின்னம். ஆகவே √2, ∜4, ⁶√8 ஆகியவையும் ஒரே எண்ணாக இருந்தாக வேண்டும். √2-ஐ நான்கு முறை பெருக்கினால் 4, ஆறு முறை பெருக்கினால் 8 என்பதால் மிகை அடிமானங்களுக்கு இது சரியாகவே அமைகிறது. முதல் கேள்வியில் 1/2-ஐ 3/6 என்று மாற்றியபோது நாம் ஓசையில்லாமல் பயன்படுத்திக்கொண்டது இதைத்தான்.

இந்த எளிய எண்ணம் நிலைபெற முந்நூறு ஆண்டுகள் ஆயின என்பது வியப்பாக இருக்கும். பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரேம் விகிதங்களுக்குப் பின்ன அடுக்குகளை எண்ணிப் பார்த்து, அவற்றுக்கான விதிகளையும் எழுதிவைத்தார். அப்போது அவருக்குப் பின் அதைத் தொடர்ந்து எடுத்துச் செல்வார் இல்லை. நாம் இன்று எழுதும் √ குறி, கிறிஸ்டோஃப் ருடால்ஃப் 1525-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் அச்சேறியது. 1585-இல் பிளாண்டர்ஸைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின், வட்டத்துக்குள் ஒரு பின்னத்தை எழுதினால் அது மூலத்தைக் குறிக்கலாம் என்று யோசனை கூறினார். 1656-இல் ஜான் வாலிஸ் பின்ன அடுக்குகளை முறையாகக் கையாண்டார். 1676 ஜூன் மாதத்தில், ஜெர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸுக்குச் சேர்ப்பிக்க வேண்டி, லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்குக்கு நியூட்டன் எழுதிய கடிதத்தில்தான் ஈருறுப்புத் தேற்றத்தோடு சேர்ந்து இன்றைய எழுத்துமுறை வந்து அமர்ந்தது.

நம் நாட்டில் 628-இல் பிரம்மகுப்தரும், 1150-ஐ ஒட்டி இரண்டாம் பாஸ்கரரும் ‘கரணி’ என்ற பெயரில் மூலங்களைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் எழுதியிருக்கிறார்கள். கரணி என்பது வர்க்கமூலத்தையே குறித்ததால் எல்லாவற்றுக்கும் வரிசை ஒன்றாகவே இருந்தது; வரிசையைச் சமப்படுத்தும் சிக்கல் அவர்களுக்கு எழவில்லை.

கேள்வி: கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் அதிர்வெண்கள் ¹²√2 என்ற விகிதத்தில் அமைந்திருக்கின்றன என்று படித்தேன். மூலங்களைப் பெருக்குவதற்கும் சுரங்களுக்கும் தொடர்பு உண்டா? (இசை ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: மிக நெருங்கிய தொடர்பு உண்டு. கீபோர்டின் ஒவ்வொரு கட்டையும் 2-இன் பின்ன அடுக்கு ஒன்றைக் குறிப்பதாகவே கொள்ளலாம். மத்திய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது அதிர்வெண் இரு மடங்காகிறது. இடையில் உள்ள தூரத்தைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் 2^(1/12), அதாவது ஏறத்தாழ 1.0595 மடங்கு ஆகிறது. நான்கு கட்டைகள் ஏறினால் அந்தர காந்தாரம். அதன் விகிதம் 2^(4/12), அதாவது ∛2. ஆறு கட்டைகள் ஏறினால் பிரதி மத்திமம். 2^(6/12), அதாவது √2.

இப்போது பிரதி மத்திமத்தில் விரலை வைத்து, அங்கிருந்து இன்னும் நான்கு கட்டைகள் ஏறுங்கள். கணக்கில் நீங்கள் செய்வது √2-ஐ ∛2-ஆல் பெருக்குவது. கையில் செய்வதோ ஆறையும் நான்கையும் கூட்டிப் பத்தாம் கட்டையில், கைசிகி நிஷாதத்தில் போய் நிற்பது. அதன் விகிதம் 2^(10/12) = 2^(5/6) = ⁶√32, ஏறத்தாழ 1.7818, திண்டுக்கல் வாசகிக்கு எழுதிய பதிலில் √2 × ∛2-க்குக் கிடைத்த அதே விடை. அதிர்வெண்கள் பெருகுகின்றன, கட்டைகள் கூடுகின்றன. பகுதி 12 என்று முன்கூட்டியே சமமாக்கப்பட்டிருப்பதால் வாசிப்பவர் எண்ணவே வேண்டியதில்லை. சுத்த மத்திமத்தின் ஐந்து கட்டைகளும் பஞ்சமத்தின் ஏழு கட்டைகளும் சேர்ந்து மேல் ஷட்ஜமாவதும் இப்படித்தான்: ¹²√32 × ¹²√128 = ¹²√4096 = 2.

இந்தச் சமப் பிரிப்பு நம் செவிக்கு முழுக்கப் பொருந்துவதில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தம்பூராவோடு சேரும் பஞ்சமம் 3/2, அதாவது 1.5; கீபோர்டின் பஞ்சமம் 1.4983 என்பதால் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அந்தர காந்தாரத்திலோ 5/4 என்ற 1.25-க்குப் பதிலாக ∛2 என்ற 1.2599 வந்து நிற்கிறது. தேர்ந்த செவிக்கு அது தூக்கலாகவே கேட்கும். 2-இன் பின்ன அடுக்குகளில் முழு எண்ணாக முடியாத எதுவும் விகிதமுறா எண் என்பதால், 3/2, 5/4 போன்ற விகிதங்களைக் கீபோர்டால் நெருங்க மட்டுமே முடியும்.

சீனாவின் இளவரசரான சூ சாயூ 1584-இலேயே இந்த ¹²√2-ஐப் பல இலக்கங்கள் வரை கணித்திருந்தார். பன்னிரண்டாம் படிமூலத்தை நேரடியாக எடுக்க வேண்டியதில்லை; 12 = 2 × 2 × 3 என்பதால், வர்க்கமூலத்தை இருமுறை எடுத்து, பின் கனமூலத்தை ஒருமுறை எடுத்தால் போதும். மேலே நான் கூறிய, மூலத்துக்கு மூலம் எடுக்கும்போது அடுக்குகள் பெருகும் என்ற விதியே அது.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏ3 தாளை ஏ4 ஆக்க இயந்திரம் 71 விழுக்காடு என்று காட்டுகிறது. தாள் பாதியாகத்தானே குறைகிறது, ஏன் 50 இல்லை? இரண்டு முறை 71 வைத்தால் சரியாக 50 வந்துவிடுமா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: பாதியாவது தாளின் பரப்பு, இயந்திரம் காட்டுவது பக்க நீளத்தின் விகிதம். பரப்பு 1/2 ஆக வேண்டுமானால் பக்கம் 1/√2, அதாவது 0.7071 ஆக வேண்டும். அதை இருமுறை செய்தால் 1/√2 × 1/√2 = 1/2, மிகச்சரியாகப் பாதி. இயந்திரம் முழு விழுக்காட்டுக்குத் திருத்தி 71 என்று வைத்துக்கொள்வதால் 0.71 × 0.71 = 0.5041 என்று சிறு மிகுதி வரும், கண்ணுக்குத் தெரியாது.

இந்தத் தாள் அளவுகளே மூலங்களின் பெருக்கல்தான். 1922-இல் ஜெர்மனியில் வால்டர் போர்ஸ்ட்மன் முன்மொழிந்து தரமாக்கப்பட்ட இந்த வரிசையில், ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர்; பக்கங்களின் விகிதம் √2. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற, ஒரு பக்கம் ∜2 மீட்டராகவும் மற்றது 1/∜2 மீட்டராகவும் இருந்தாக வேண்டும். தாளில் அவையே 1189 மி.மீ., 841 மி.மீ. என்று வருகின்றன. ஏ4-இல் பக்கங்கள் 2^(−7/4), 2^(−9/4) மீட்டர். அடுக்குகளைக் கூட்டினால் −4, ஆகவே பரப்பு 1/16 சதுர மீட்டர். உங்கள் கடையின் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் எடை 80-ஐ 16-ஆல் வகுத்த 5 கிராம் என்பதும், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ என்பதும் அதிலிருந்தே வருகின்றன.

பன்னாட்டு பி4 தாளை (250 × 353 மி.மீ.) ஏ4 ஆக்க 1/∜2, அதாவது 84 விழுக்காடு தேவை. ஜப்பானிய பி4 வேறு அளவு. அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி: ∛(−8) × √2 என்பதைச் சுட்டி (அடுக்கு) விதிகளின்படி ஆறாம் வரிசைக்கு மாற்றினால் 2√2 வருகிறது. ∛(−8) = −2 என்று நேரே எழுதினால் −2√2 வருகிறது. மாணவர்கள் கேட்டபோது இரண்டாவதே சரி என்றேன். முதல் வழி எங்கே பிழைத்தது என்பதை விளக்க முடியுமா? (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் கூறியதே சரி. பிழை நேர்ந்த இடம் 1/3-ஐ 2/6 ஆக்கிய இடம். பின்னங்களாக அவை ஒன்றே. ஆனால் (−8)^(2/6) என்பதை ‘−8-இன் வர்க்கத்தின் ஆறாம் படிமூலம்’ என்று படித்த கணத்தில் வர்க்கம் கழித்தற்குறியை விழுங்கிவிடுகிறது. 64-இன் ஆறாம் படிமூலம் 2 என்று வருகிறதே தவிர −2 என்று வருவதில்லை. பின் ⁶√64 × ⁶√8 = ⁶√512 = 2√2 என்று கணக்கு பிசகில்லாமல் நடந்து, பிசகான விடையில் முடிகிறது. திருநெல்வேலி வாசகருக்கு எழுதிய பதிலில், ஒரே பின்னத்தை எவ்வாறு எழுதினாலும் ஒரே எண் வர வேண்டும் என்று சரிபார்த்தோம் அல்லவா? அந்தச் சரிபார்ப்பு மிகை அடிமானத்துக்கு மட்டுமே தேறுகிறது. குறை அடிமானத்துக்குத் தேறுவதில்லை. பல பாடநூல்கள் ‘அடிமானம் மிகை எண்’ என்ற நிபந்தனையை ஓர் ஓரத்தில் சிறு எழுத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன; என் கருத்தில் அது விதியின் தலைப்பிலேயே நிற்க வேண்டிய நிபந்தனை.

மாணவர்களுக்கு நடைமுறை வழி இது. வரிசை ஒற்றை எண்ணாக இருந்தால் முதலில் கழித்தற்குறியை வெளியே எடுத்துவிட வேண்டும்: ∛(−8) = −∛8. அதன்பின் உள்ளே எஞ்சுவது மிகை எண் என்பதால் வரிசையை விரும்பியபடி மாற்றலாம்: −⁶√64 × ⁶√8 = −2√2. வரிசை இரட்டை எண்ணாக இருந்து உள்ளே குறை எண் இருந்தால் மெய்யெண்களில் மூலமே இல்லை. சிக்கலெண்களுக்கு (கலப்பெண்களுக்கு) போனால் அங்கேயும் கழித்தற்குறியை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும். √(−4) × √(−9) என்பதை √36 என்று சேர்த்து 6 என எழுதுவது தவறு; 2√(−1) × 3√(−1) = −6 என்பதே சரி. ஆய்லர் 1770-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் √(−1) × √(−4) = 2 என்று எழுதியிருப்பதும், அது வழுவா, அல்லது மூலக்குறிக்கு அவர் இரு மதிப்புகளையும் கருதினாரா என்று பின்வந்தோர் வாதிட்டதும், மாணவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

கணினியில் சோதிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பைத்தான் மொழியில் −8-ஐ அடைப்புக்குள் இட்டு 1/3 அடுக்குக்கு உயர்த்தினால் −2 வராது. மெய்ப்பகுதி ஏறத்தாழ 1, கற்பனைப்பகுதி ஏறத்தாழ 1.732 கொண்ட ஒரு சிக்கலெண் வரும். −8-க்கு மூன்று கனமூலங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது என்று மரபாக வகுக்கப்பட்டதை அது தருகிறது. இயந்திரம் தவறு செய்யவில்லை, நாம் எதிர்பார்த்ததை அது எதிர்பார்க்கவில்லை.

கேள்வி: √(க³ச) × ∛(கச²) போன்று எழுத்துகள் கலந்த கணக்குகளையும், 3√2 × 5∛2 போன்று முன்னால் எண்கள் நிற்கும் கணக்குகளையும் எளிதாகச் செய்வது எப்படி? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தருமபுரி)

பதில்: க, ச இரண்டும் மிகை எண்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே அடுக்கைக் கூட்டுங்கள். க-வுக்கு 3/2 + 1/3 = 11/6; ச-வுக்கு 1/2 + 2/3 = 7/6. 11/6-இல் ஒரு முழுமையும் 5/6-உம் உள்ளன. 7/6-இல் ஒரு முழுமையும் 1/6-உம் உள்ளன. முழுமைகள் மூலக்குறிக்கு வெளியே வந்துவிடும், எஞ்சியவை உள்ளே நிற்கும்: கச ⁶√(க⁵ச). முன்னால் நிற்கும் எண்களுக்கு அடுக்கு 1 என்பதால் அவற்றை மூலத்துக்குள் இழுக்காமல் தனியே பெருக்கினால் போதும். இரண்டாவது கணக்கின் விடை 15 ⁶√32. கூட்டல் கணக்கில் மட்டும் இந்த வழியைத் தேடாதீர்கள். √2 + ∛2 என்பதை ஒரே மூலமாகச் சுருக்குவதற்கு அடுக்கு விதி எதுவும் இல்லை.

கேள்வி: √(2√(2√2)) போல மூலத்துக்குள் மூலமாக அடுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இராமானுஜன் தந்த புகழ்பெற்ற கணக்கும் இதே வகைதானா? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் எழுதிய கணக்கு, பின்ன அடுக்குகளில் எழுதியவுடன் அவிழ்ந்துவிடும். வெளியே உள்ள 2 ஒரு மூலக்குறிக்குள் இருப்பதால் அதன் அடுக்கு 1/2. அடுத்த 2 இரண்டு மூலக்குறிகளுக்குள் இருப்பதால் 1/4. கடைசி 2-க்கு 1/8. கூட்டினால் 7/8, விடை ⁸√128, ஏறத்தாழ 1.834. முடிவில்லாமல் தொடர்ந்தால் 1/2 + 1/4 + 1/8 + … என்னும் தொடரின் கூடுதல் 1 என்பதால் மதிப்பு 2-ஐ நெருங்கும். 2-க்குப் பதிலாக எந்த மிகை எண்ணை வைத்தாலும் இறுதியில் அந்த எண்ணே கிடைக்கும்.

இராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு விடுத்த கணக்கு √(1 + 2√(1 + 3√(1 + …))) என்பது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், இங்கே ஒவ்வொரு மூலக்குறிக்குள்ளும் ஒரு கூட்டல் உட்கார்ந்திருப்பதால் அடுக்கு விதி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. √(9 + 16) என்பது 5-தானே தவிர 3 + 4 அல்ல. அவர் சென்ற வழி வேறு. எந்த எண்ணின் வர்க்கமும், அதற்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கி ஒன்று கூட்டியதற்குச் சமம். ஆகவே 3 = √(1 + 2 × 4) என்று எழுதலாம்; அதிலுள்ள 4-ஐ √(1 + 3 × 5) என்றும், அந்த 5-ஐ √(1 + 4 × 6) என்றும் மாற்றிக்கொண்டே போனால் கணக்கின் வடிவம் அப்படியே வந்துவிடும்; விடை 3. இப்படி மாற்றிக்கொண்டே போவது மட்டும் நிறுவல் ஆகாது. ஏதேனும் ஒரு படியில் நிறுத்தி, அதன் உள்ளே எஞ்சுவதை விட்டுவிட்டால் கிடைக்கும் மதிப்பு, படிகள் கூடக்கூட 3-ஐயே நெருங்குகிறது என்பதையும் தனியே காட்ட வேண்டும். முதல் மூன்று மூலக்குறிகளை மட்டும் வைத்து √(1 + 2√(1 + 3√(1 + 4))) என்று கணித்தால் 2.6 அளவில் வரும். நான்கு, ஐந்து மூலக்குறிகளுக்கும் கணித்துப் பார்த்து, 3-உடன் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு படியிலும் எந்த விகிதத்தில் சுருங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், நிறுவலுக்கான வழி அங்கேயே புலப்படத் தொடங்கும்.